அறுபத்திரண்டு வாங்கிய கோப்பை

கோகிலவாணி புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு முழம் உள்ளே போயிற்று. போதவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு தொண்டையில் முட்டி, மூக்கு வழியாக வெளியேறப் பார்த்தது. மூக்கையும் பிடித்துக்கொண்டாள். எதிரே, கறுப்பு வெள்ளைத் திரையில் அந்த ஆடு இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

தாமதமாகிவிட்டது. அவள் இருந்த நான்காம் எண் அறையின் வாசலுக்கு மேலே, சிரிப்பைக் காட்டிக் கொடுக்கும் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல். சிரிப்புக் கண்காணிப்பாளர் ரவிச்சந்திரன் எப்போதும் அப்படித்தான் ஏறுவார். ஓடினால் ஆர்வம் என்று ஆகிவிடும். ஆர்வம் வாரியத்தில் தண்டனைக்குரியது.

மணி மூன்று நாற்பது. ஐந்து மணி அடித்தால் அவளுடைய தகுதிகாண் காலத்தின் நூற்றெண்பதாவது நாள் முடிகிறது. ஒரு மணி இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பணி நிரந்தரம். நிரந்தரம் என்றால் வாரியத்தின் பின்புறம் பூட்டிக் கிடக்கும் இரண்டு அறை வீடு. வீடு என்றால் இந்து. மேட்டுப்பாளையம் விடுதியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள்.

இப்போது கோகிலவாணிக்கு இருப்பது ஊட்டி காந்தலில் தம்பி வீட்டுச் சமையலறையில் ஒரு பாய். பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் அதை விரிக்க முடியும். பூட்டிய வீட்டின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இந்துவின் கட்டில் எந்தச் சுவரோரம் என்பதுவரை அவள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

கதவு திறந்தது.

"தலைப்பை வெளியே எடுங்கள்" என்றார் ரவிச்சந்திரன். "அது வாரியத்தின் சாட்சிப் பொருள்."

*

குன்னூரில், சிம்ஸ் பார்க்கைத் தாண்டிப் போகும் சாலையில், பழைய பங்களா ஒன்றில் இயங்கி வந்தது நீலமலை மின்விளையாட்டு நடுநிலை மதிப்பீட்டு வாரியம். வீடியோ கேம் எதுவானாலும் அதன் தரத்தைத் துளிக்கூட விருப்பு வெறுப்பின்றி அளந்து சொல்வது அதன் வேலை. வாரியத்தின் முத்திரை இல்லாத விளையாட்டைக் கல்லூரிப் போட்டிகளில் சேர்ப்பதில்லை, விளையாட்டு அரங்குகளில் வைப்பதில்லை. கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பையன்கள் மடிக்கணினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். மலைப்பாதையில் வாந்தி எடுத்துவிட்டு, வரவேற்பறையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

நிறுவனர், தலைவர், எல்லாமே வேலுசாமி. முப்பது வருடம் தேயிலை ருசி பார்த்தவர். 'இரும்பு நாக்கு வேலுசாமி' என்றால் ஏலக் கூடத்தில் எழுந்து நிற்பார்கள். விளையாட்டை அவர் வாழ்நாளில் ஆடியதில்லை. அதுவே தன் முதல் தகுதி என்பார்.

"தேயிலையை நான் எப்படி அளந்தேன்? ஒரே அளவு இலை. ஒரே அளவு வெந்நீர். ஆறு நிமிடம். உறிஞ்சு, துப்பு, எண்ணைச் சொல். விழுங்கினால் பாசம் வந்துவிடும். விளையாட்டும் அப்படித்தான்" என்பது அவருடைய தொடக்க உரை. அதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வாசலில் மாட்டியிருந்தார்கள்.

ஆகவே வாரியத்தில் எந்த விளையாட்டையும் ஆறு நிமிடம்தான் ஆடுவார்கள். முடிந்ததும் மதிப்பீட்டாளர் எழுந்து, மூலையில் இருக்கும் பித்தளைப் படிக்கத்தில் ஒரு தடவை துப்ப வேண்டும். விளையாட்டு உள்ளே தங்கிவிடக் கூடாது.

முதல் மாதத்தில் ஒலியை நிறுத்தினார்கள். இசை மனதைக் கலைக்கிறது. பிறகு வண்ணத்தை எடுத்தார்கள். பச்சை பிடித்தவர்கள் பச்சைக்கு மதிப்பெண் போடுகிறார்களாம். பிறகு வலது கையைத் தடை செய்தார்கள். பழகிய கை ஜெயித்துவிடுகிறது, ஜெயித்தவனுக்கு விளையாட்டு பிடித்துப்போகிறது. எல்லோரும் இடது கையால் ஆடித் தோற்றார்கள். தோற்றதில் கடுப்பு வருகிறதே என்று யாரோ கேட்டபோது, தோற்கும் முன்பே கருவியை அணைத்துவிடலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.

மதிப்புரைகள் இப்படி இருந்தன: 'இவ்விளையாட்டில் நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள் உள்ளன. ஓர் ஆறு ஓடுகிறது. நாயகனுக்குக் கால்கள் இரண்டு. மதிப்பெண்: அறுபத்தொன்று.'

எல்லா விளையாட்டுக்கும் அறுபத்தொன்றுதான். ஒருமுறை ஒரு பையன் அழுகிற குரலில் கேட்டுவிட்டான்: "சார், எல்லாத்துக்கும் ஒரே மார்க்னா அப்புறம் எதுக்கு சார் மார்க்?"

வாரியச் செயலாளர் ஜூடித் பொறுமையாகப் பதில் சொன்னார். புள்ளியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஒன்றுக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு என்று போட்டால் அது ஒருவருடைய அபிப்பிராயம் தம்பி. எல்லாவற்றுக்கும் ஒன்றே போட்டால் அது அறிவியல்."

கோகிலவாணி மதிப்பீட்டாளராக வேலைக்கு வந்ததும் எதுவும் தெரியாத தகுதியால்தான். குன்னூரில் ஒரு தேயிலை பேக்டரியின் ருசி பார்க்கும் அறையில் ஒன்பது வருடம் கோப்பை கழுவியவள், வேலுசாமி ருசி பார்த்த அதே அறை. பேக்டரியை மூடிவிட்டார்கள். நேர்காணலில் ஒரு குழந்தை, எரிகிற வீடு, கல்யாணப் பந்தி என மூன்று படங்களைக் காட்டி, என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். மூன்றுக்கும் அவள் "தெரியலீங்க" என்றாள். பயத்தில் சொன்னதுதான். தேர்வுக் குழு ஒருமனதாகப் பாராட்டியது.

வேலுசாமி அன்று அவளுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைப் பார்த்தார். அந்த வாரமே ஒரு சுற்றறிக்கை வந்தது. வாரியக் கூட்டம் எதுவானாலும் தொடக்கத்திலும் முடிவிலும் தலைவர் தேநீர் ருசி பார்ப்பார். அவருடைய நடுநிலை சரியாக வேலை செய்கிறதா என்பதற்கு அது சோதனை. அதுவரை ஒரு கோப்பைதான் வைப்பார்கள். இனி மூன்று. கோகிலவாணி வைக்க வேண்டும்.

*

நான்கு மணிக்கு விசாரணை தொடங்கியது.

குற்றம் சாட்டப்பட்டவரே தேநீர் வைப்பதில் விதிமீறல் உண்டா என்று ஜூடித் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. கோகிலவாணி மூன்று கோப்பைகளை வெள்ளைத் துணி விரித்த மேசையில் வரிசையாக வைத்தாள். தேநீர் ஒரு துளியும் தளும்பவில்லை.

வேலுசாமி கரண்டியால் மொண்டு, விசில் அடித்தது போல் உறிஞ்சினார். வாயில் சுழற்றினார். படிக்கத்தில் துப்பினார். மூன்று கோப்பைக்கும் அதே.

"இடது கோப்பை அறுபத்தொன்று. மற்றவை அதற்குக் கீழே. கருவி இயங்குகிறது. தொடங்கலாம்."

ஜூடித்தும் ரவிச்சந்திரனும் ஆளுக்கு ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பி, இடதுதான் என்று ஆமோதித்தார்கள். ஆமோதிப்பதும் விதியில் இருந்தது.

"நீங்கள் சிரித்தீர்களா?" என்று கேட்டார் ஜூடித்.

"ஆமாங்க மேடம்."

"எவ்வளவு?"

"கொஞ்சமுங்க."

"கொஞ்சம் என்பது அபிப்பிராயம். இரண்டே முக்கால் விநாடி என்பது தகவல்."

"ரெண்டே முக்கா விநாடி சிரிச்சேனுங்க."

"எதற்கு?"

கோகிலவாணி திரையைக் காட்டினாள். பந்தலூரிலிருந்து தினேஷ்குமார் என்கிற ஒருவன் அனுப்பிய விளையாட்டு அது. தேயிலைத் தோட்டத்துக்குள் ஓர் ஆடு நுழைகிறது. கொழுந்துக் கூடைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொள்கிறது. கூடை தொப்பி மாதிரி நிற்க, ஆடு பின்னங்காலில் எழுந்து தடுமாறி நடந்து வருகிறது. வேலை வாங்கும் மேஸ்திரி அதைத் தோட்டத்துத் துரை என்று நினைத்து சல்யூட் அடிக்கிறார். லீவு கேட்டு எழுதிய கடுதாசியைப் பணிவோடு நீட்டுகிறார். ஆடு அதைத் தின்றுவிடுகிறது.

"லீவு லெட்டரைத் தின்னுருச்சுங்க" என்றாள் கோகிலவாணி.

"சரி."

"மேஸ்திரி, தேங்க்யூ சார்னு சொல்றாருங்க. எழுத்துல வருதுங்க."

"சரி. இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது?"

"அது... துரை இல்லீங்களே மேடம். ஆடுதானுங்களே."

"அது ஆடு என்பது முதல் காட்சியிலேயே தெரிகிறது" என்றார் ரவிச்சந்திரன். "தெரிந்த தகவலுக்கு எதற்குச் சிரிப்பு?"

பேக்டரியில் லீவு கேட்டுத் தான் கொடுத்த கடுதாசிகள் எங்கே போயின என்று இன்றைக்குத்தான் கோகிலவாணிக்கு விளங்கியது. அதைச் சொன்னால் சொந்த அனுபவம் என்று இன்னொரு குற்றம் சேரும்.

வேலுசாமி கையை உயர்த்தினார்.

"நடுநிலையோடு அணுகுவோம். நகைச்சுவை ஆட்டில் இருக்கிறதா, இந்த அம்மாவில் இருக்கிறதா? ஆட்டில் இருக்குமானால் பார்க்கிற எல்லோரும் ஒரே அளவு சிரிக்க வேண்டும். அப்படியானால் இவருடைய சிரிப்பு அளவீடு, குற்றம் இல்லை. யாரும் சிரிக்காவிட்டால் அது இவருடைய சொந்தச் சரக்கு. ஆட்டைப் போடுங்கள்."

ஆடு வந்தது. கூடையை மாட்டியது. லெட்டரைத் தின்றது. மூவரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"ஒருமுறை போதாது" என்றார் ஜூடித்.

பதினேழு முறை போட்டார்கள். நான்காம் முறை ஜூடித் கூடையின் சாய்வைக் கோணமானியால் அளந்தார். முப்பத்தொரு டிகிரி. ஒன்பதாம் முறை ரவிச்சந்திரனின் மீசையின் இடது முனை லேசாக ஏறியது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். குளிர்காற்று என்றார் அவர். ஜன்னலை மூடினார்கள். பத்தாம் முறையும் ஏறியது. அவர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. இருமல் என்று குறிப்பில் ஏறியது. சிரிப்புக் கண்காணிப்பாளர் சிரித்ததாக எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

பதினேழாவது முறைக்குப் பிறகு தினேஷ்குமாருக்குப் போன் போட்டார்கள். ஒலிபெருக்கியில் வைத்தார் ஜூடித்.

"ஆடு கடிதத்தைத் தின்னும் இடத்தை நீங்கள் எந்த நோக்கத்தோடு அமைத்தீர்கள்?"

மறுமுனையில் மூச்சு வாங்குகிற குரல். "ஏன் மேடம், யாராச்சும் சிரிச்சாங்களா?"

"கேள்விக்குப் பதில்."

"சிரிச்சாங்களா மேடம்? எந்த எடத்துல? தேங்க்யூ சார் சொல்ற எடத்துலயா? ரெண்டு வருசமா அந்த ஒரு எடத்தைத்தான் மேடம் திருப்பித் திருப்பிச் செஞ்சேன். யாரு மேடம் சிரிச்சது, ஒரே ஒரு தடவ அவங்ககிட்ட..."

ஜூடித் போனை வைத்தார். "மகிழ்ச்சி தெரிந்தது. உள்நோக்கம் நிரூபணம். விளையாட்டை நிராகரிக்கலாம்."

"நிராகரிப்பு ஓர் உணர்ச்சி" என்றார் வேலுசாமி. "அறுபத்தொன்று போட்டுவிட்டு முத்திரையை மட்டும் கொடுக்காமல் இருங்கள்."

மதிப்பீட்டில் சேராத ஒருவரையும் சோதித்துவிடலாம் என்று மூக்கனைக் கூப்பிட்டார்கள். ஐம்பத்தொன்பது வயது. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து கடைநிலை ஊழியர். பின்புறத்து வீடுகள் இரண்டில் ஒன்றில் இருக்கிறார். அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு. படிக்கத்தைக் கழுவும் துணியோடு வந்து நின்றார்.

"இந்த ஆட்டைப் பாருங்கள்."

மூக்கன் பார்த்தார். ஆடு லெட்டரைத் தின்றது. மூக்கன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஜூடித் திருப்தியோடு எழுதத் தொடங்கினார். அப்போது மூக்கன் திரும்பி, ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மூவரையும் பார்த்தார். ஒருவர் கையில் கோணமானி. ஒருவர் கையில் நிறுத்துக் கடிகாரம். ஒருவர் சுவரோரம்.

மூக்கன் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. துணி கீழே விழுந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பார்த்தீர்களா? ஆடுதான்" என்றார் ரவிச்சந்திரன், உள்ளூர ஒரு நிம்மதியோடு.

"ஆடு இல்லீங்க சார்."

"பின்னே?"

"அந்த மேஸ்திரிங்க மூணு பேரு."

சிரிப்பு நின்றபோதுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

அந்த இடத்தில் கோகிலவாணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணனுக்கும் சிரிப்பு வந்துருச்சுங்களே, அப்ப எங்க ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்லீங்களே என்று ஏதோ ஒன்று. சொன்னால் இரண்டு பேரும் ஒரே வழக்கு. மணி நாலு நாற்பது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூட்டிய வீட்டின் சுவரோரம் இந்துவின் கட்டில் கண்ணுக்குள் தெரிந்தது.

மூக்கனை இரண்டு நிமிடத்தில் நீக்கினார்கள். முப்பத்தைந்து நாள் மிச்சம் இருப்பதை ஜூடித் சுட்டிக்காட்டினார். இரக்கமும் ஒரு சார்புதான் என்று வேலுசாமி நினைவூட்டினார்.

"தீர்ப்புக்கு முன் தேநீர்" என்றார்.

*

சமையலறையில் கோகிலவாணி கெட்டிலை வைத்தாள். பின்னாலேயே மூக்கன் வந்தார், கையில் படிக்கம். நீக்கிய பிறகும் அன்றைய வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம்.

"மன்னிச்சுருங்கண்ணா" என்றாள் அவள், திரும்பாமல்.

"அட, உடுங்க அம்மணி. நீங்க பேசியிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கப் போவுது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஆர்டரு காலையில பத்து மணிக்கே டைப் ஆயிருச்சுங்க. நாந்தான் ஜெராக்ஸ் எடுத்தேன்."

"என்ன ஆர்டருங்கண்ணா?"

"நீக்கற ஆர்டருதான். காரணம்னு போட்டு எடத்தைக் காலியா உட்டிருந்தாங்க. நூத்தி எம்பது நாளு முடியற அன்னிக்கு எல்லாருக்கும் ஒண்ணு டைப் பண்ணுவாங்க. இதுவரைக்கும் பதினோரு பேருக்கு ஆச்சு. ஒருத்தர நிரந்தரம் பண்ணினா அவிங்களப் புடிச்சிருக்குன்னு ஆயிருமாமா. சிரிக்காம இருந்திருந்தா, சிரிக்கவே மாட்டேங்கறாங்க, இறுக்கமான ஆளுன்னு எழுதியிருப்பாங்க."

"அந்தப் பூட்டின ஊடு?"

"அது வெறும் பூட்டுங்க. சாவியே செய்யல."

கெட்டில் சத்தம் போட ஆரம்பித்தது. கோகிலவாணி அதை அணைத்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. தேர்வுக் குழு பாராட்டிய அதே முகம்.

"படிக்கத்த வெச்சுட்டுப் போங்கண்ணா. நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க இந்த..."

"வெச்சுட்டுப் போங்க. கதவச் சாத்திருங்க."

*

ஆறு நிமிடம் கழித்து மூன்று கோப்பைகளும், துப்புவதற்கு வேறு அறையின் படிக்கமும் வந்தன. கோகிலவாணி வலதை வைத்தாள். நடுவில் உள்ளதை வைத்தாள். இடதை, வழக்கம் போலக் கைப்பிடியை லேசாகத் திருப்பி வைத்தாள். வேலுசாமியின் கண் அந்தக் கையோடு போய் அங்கே நின்றது.

வலதை உறிஞ்சினார். துப்பினார். நடுவை உறிஞ்சினார். துப்பினார். இடதை உறிஞ்சியதும் கண்ணை மூடினார். வாயில் நெடுநேரம் சுழற்றினார். துப்பவில்லை. விழுங்கினார்.

"அறுபத்திரண்டு" என்றார்.

ஜூடித்தின் பேனா கீழே விழுந்தது. வாரியத்தின் வரலாற்றில் அறுபத்தொன்றைத் தாண்டி ஓர் எண் உச்சரிக்கப்பட்டதில்லை.

"நிறம் பாருங்கள். கனம் பாருங்கள். முப்பது வருடத்தில் இப்படி ஒரு முழுமையை நான் சந்தித்ததில்லை. பதிவு செய்யுங்கள். நீங்களும் பாருங்கள்."

ஜூடித் ஒரு கரண்டி எடுத்தார். அவர் கழுத்து நரம்பு இரண்டும் எழுந்து நின்றன. விழுங்கினார், தலைவர் விழுங்கியதைத் துப்புவது கருத்து வேறுபாடு. "முழுமை" என்றார், கண்ணில் நீரோடு. ரவிச்சந்திரன் இரண்டு கரண்டி குடித்தார். "அறுபத்திரண்டுதான் சார்" என்று சொல்லிவிட்டு, அனுமதி கேட்டு வெளியே ஓடினார். ஓடியதை யாரும் ஆர்வம் என்று எழுதிக்கொள்ளவில்லை. ஹைட்ரேஞ்சியாப் புதருக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

வேலுசாமி தீர்ப்பை வாசித்தார்.

"நான் லட்சக்கணக்கான கோப்பைகள் பார்த்திருக்கிறேன். ஒன்றைக்கூட எனக்குப் பிடித்ததில்லை. ஒன்றைக்கூட வெறுத்ததில்லை. அதுதான் நடுநிலை. இந்த அம்மாவிடம் அது இல்லை. இவருக்கு ருசி இருக்கிறது. ருசி இருக்கிறவரை வைத்துக்கொண்டு ஒரு வாரியம் எதையும் அளக்க முடியாது."

ஜூடித் காலையில் அடித்த உத்தரவை நீட்டினார். காலி இடத்தில் 'ஆடு' என்று எழுதியிருந்தது. வேலுசாமி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எந்த உத்தரவையும் அவர் படிப்பதில்லை. படித்தால் கருத்து வந்துவிடும்.

மணி ஐந்து அடித்தது.

*

குன்னூர் பஸ் ஸ்டாண்டில், ஊட்டி பஸ் வரும் இடத்துக்கு எதிரே இருந்த கடையில், இரண்டு பேரும் டீ வாங்கிக்கொண்டு நின்றார்கள். சாரல் பிடித்திருந்தது. கோகிலவாணியிடம் ஒரு துணிப்பை. மூக்கன் பை எதுவும் எடுத்து வரவில்லை. வீட்டைக் காலி செய்ய அவருக்கு மறுநாள் மதியம் வரை நேரம் கொடுத்திருந்தார்கள். பஸ் ஏற்றிவிட வந்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க" என்றார். "அந்தக் கண்காணிப்பாளரு கொடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தாரு. ஆனா தலைவரு மட்டும் அமுதம் குடிச்ச மாதிரி ஒக்காந்திருக்காரு. அதெப்படிங்க?"

கோகிலவாணி டீயை ஊதினாள்.

"அவருக்கு நாக்கு இல்லீங்கண்ணா."

"என்னுங்க?"

"கொரோனா ரெண்டாவது தடவ வந்துச்சே, அப்ப போனது. ருசியும் இல்ல, வாசமும் இல்ல. திரும்பி வரவே இல்ல. பேக்டரியில ஒரு நாளு மறந்தாப்புல வெறும் வெந்நீர அவருக்கு முன்னால வெச்சுட்டேன். 'பிரிஸ்க்', நல்ல சுறுசுறுப்பான டீன்னு சொல்லி மார்க் போட்டாரு. எனக்குப் பாவமாப் போச்சு. மறுநாள்ல இருந்து உள்ளேயே எல்லாத்தையும் நான் ஒரு வாய் குடிச்சுப் பாத்து, நல்லதத் தூக்கி எடது பக்கம் வெச்சு, கைப்புடியக் கொஞ்சம் திருப்பி வெப்பேன். அவரு அதுக்கு மேல மார்க் போடுவாரு. பேக்டரி மூடற வரைக்கும் ரெண்டு வருசம் ஏலத்துல போனதெல்லாம் எந் நாக்கு சொன்ன மார்க்குதாங்க."

"அவரு ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"நானும் சொல்லல, அவரும் கேக்கல. மொதல்ல எங் கையைப் பாக்கறப்ப அவரு கண்ணுல ஒரு கூச்சம் இருக்கும். அப்புறம் அதுவும் போயிருச்சு. இப்ப அவரே நம்பறாரு, அது அவரு நாக்குன்னு."

மூக்கன் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய போன் அடித்தது. ஜூடித்.

"கோகிலவாணி, உங்கள் நீக்கத்தில் மாற்றம் இல்லை. இது வேறு விஷயம்." குரல் இன்னும் கரகரத்தது. "நாளை ஒன்பதரை மணிக்கு டெல்லியிலிருந்து அங்கீகாரக் குழு வருகிறது. ஆறு பேர். இன்றைய இடது கோப்பைத் தேநீரையே அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார் தலைவர். உங்களால்தான் முடியும். கடைநிலை ஊழியர் இடம் ஒன்று இன்று காலியாகியிருக்கிறது. மதிப்பீட்டாளர் இல்லை என்பதால் தகுதிகாண் காலம் கிடையாது. நாளையிலிருந்தே நிரந்தரம். வீடும் உண்டு. வருகிறீர்களா?"

கோகிலவாணி மூக்கனைப் பார்த்தாள். அவர் டீ கிளாஸின் அடியில் தங்கிய சர்க்கரையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வர்றனுங்க மேடம்."

"அதே தேநீர் வர வேண்டும். மாறக் கூடாது."

"மாறாதுங்க. ஒரே ஒண்ணு. விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னால நீங்க மூணு பேரும் ஒம்போது மணிக்கே ஒரு தடவ உறிஞ்சித் துப்பி முடிச்சுரணுங்க. இன்னிக்கு நாலு மணிக்குப் பண்ணுனீங்களே, அது மாதிரி."

"எதற்கு?"

"அப்பத்தான் அந்தப் பதம் வருமுங்க மேடம்."

"குறித்துக்கொள்கிறேன்."

போனைப் பைக்குள் போட்டாள். ஊட்டி பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்துவுக்கு இன்று ராத்திரியே சொல்லிவிடலாம்.

"வேலையாங்க?" என்றார் மூக்கன்.

"ஆமாங்கண்ணா. உங்க எடம்."

"ஊடு?"

"அதுந்தான்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கிளாஸைப் பலகையில் வைத்தார். சாரல் வலுத்தது. ஏதோ நினைவுக்கு வந்தவர் போல் நெற்றியைச் சுருக்கினார்.

"கெளம்பறப்ப சமையக்கட்டுல வெச்ச படிக்கத்தக் கழுவி வெக்கலாம்னு போனேனுங்க. நான் கொண்டாந்து வெச்சப்ப பாதி இருந்துச்சு, மூணு பேரு துப்புனது. போய்ப் பாத்தா சுத்தமாக் காலியா இருக்குது. கழுவுன மாதிரியுந் தெரியல." அவர் குரல் மெல்ல இறங்கியது. "ஏனுங்க அம்மணி, அந்த எடது கோப்பையில..."

பஸ் வந்து நின்றது. கோகிலவாணி படியில் கால் வைத்தாள்.

"வடிகட்டிச் சுட வெச்சேனுங்கண்ணா. உப்பு மட்டுந்தான் நான் போட்டது."